பல்லில் கடித்த சணல்

மேஸ்திரி விஷம் குடிக்கவில்லை. குடித்தார் என்று டாக்டரிடம் சொன்னவன் நான். குடிக்கவில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவரை நினைத்தால் முகம் வருவதில்லை. ஒரு துண்டுச் சணல்தான் வருகிறது. தென்னை மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். தோண்டிய குழியில் ஒரு வேர், நுனி சாய்வாக வெட்டப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சிமருந்தும் தண்ணீரும் கலந்து ஊற்றிய சின்ன பாலிதீன் பைக்குள் அந்த நுனியை நுழைத்து, பையின் வாயை இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்திருக்கிறார். கட்டுவதற்கு மூன்றாவது கை கிடையாது. ஆகவே சணலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரலால் சுற்றி, தலையை ஒரு வெட்டு வெட்டி முடிச்சை இறுக்குகிறார். மிச்சத்தைக் கடித்து அறுத்து, அதையே வாயில் வைத்தபடி அடுத்த மரத்துக்கு நகர்கிறார். சணல் நனைந்திருக்கிறது. கையெல்லாம் மருந்து. நான் பக்கத்து மரத்து நிழலில், காலில் செருப்போடு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் அவரைப் பற்றிப் பேசும்போது நான் 'அவன்' என்றுதான் சொல்வேன். என்னைவிட மூத்தவராகவே இருந்திருப்பார். ஆனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பிள்ளைகளைச் 'சின்னச் சாமி' என்பார். என் மனைவியின் அண்ணனுக்குப் பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு இருந்தது. காய் வெட்டுவதிலிருந்து தண்ணீர் கட்டுவது வரை அந்தத் தோப்புக்கு ஆட்களைக் கூட்டிவந்து வேலை நடத்துபவர் இவர். வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த காலனியில் மனைவியோடு குடியிருந்தார். நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். சிங்காநல்லூரில் வீடு. விடுமுறை நாட்களில் மச்சானின் தோப்புக்குப் போய், மேஸ்திரி வெட்டித் தரும் இளநீரைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். எனக்கும் விவசாயத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

ஆனால் அந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்யும் என்பது அந்தத் தோப்பில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். கரப்பான் பூச்சியின் நரம்பை வைத்து நான் செய்த ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தச் சந்திப்பைச் சினாப்ஸ் என்கிறோம். முதல் செல்லின் வழியாக ஓடிவரும் மின்துடிப்பு அந்தக் கரையோடு நின்றுவிடும். அங்கே நரம்பு முனையில் நுண்ணிய பைகள் மொய்த்துக்கொண்டிருக்கும். துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே நுழையும். பைகளில் சில ஓரத்துச் சவ்வோடு ஒட்டி வாய் திறந்து, தம்மிடம் உள்ள வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டும். அந்தப் பொருள் அக்கரைக்குப் போய் அங்குள்ள ஏற்பிகளில் பொருந்தியதும் சின்ன மதகுகள் திறக்கும். வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயும். அடுத்த செல் கொஞ்சம் கிளர்ந்தெழும். கொஞ்சம்தான். ஓர் உந்துதல் பெரும்பாலும் போதாது. பல உந்துதல்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அது தன் பங்குக்குத் துடிப்பை மேலே அனுப்பும். நம் மூளைக்குள் இந்தத் தூண்டும் வேலையைப் பெரும்பாலும் குளூட்டமேட் செய்கிறது. பூச்சியின் நரம்பு மண்டலத்திலும், நம் உடம்பில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே இருக்கும் நரம்பு முடிச்சுகளிலும், நரம்பு தசையைச் சேரும் இடத்திலும் அசிட்டைல்கோலின் செய்கிறது.

இதை வகுப்பில் வாய்க்கால் பாசனத்தை வைத்துச் சொல்வேன். மடையைத் திறந்துவிடுவது பெரிய காரியமில்லை. பாத்தி நிறைந்ததும் மடையை அடைக்க ஓர் ஆள் மண்வெட்டியோடு நிற்கவேண்டும். அசிட்டைல்கோலின் வேலை செய்யும் சினாப்ஸில் அந்த ஆள் ஒரு நொதி. கொட்டிய பொருளை நாம் கண்ணிமைப்பதற்குள் உடைத்துப் போட்டுவிடும். போட்டால்தான் அடுத்த சேதிக்கு இடம். தோப்பில் கட்டிய மருந்து அந்த நொதியைப் பிடித்து முடக்கிப்போடுகிற வகை. அதன்பின் திறந்த மடை திறந்தபடியே கிடக்கும். நிறுத்த ஆளில்லாத தூண்டல் உடம்பெங்கும் ஓடும். தேங்காய்க் காம்பில் ஒளிந்து காயைக் கெடுக்கும் நுண்ணிய சிலந்திப் பூச்சிக்கும் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கும் அந்த நொதி ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதற்காகத்தான் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் அந்தச் சிலந்திப் பூச்சி பரவியது. காய்கள் பழுப்பேறி வெடித்து, சொறி பிடித்தது போலச் சிறுத்துப்போயின. மரத்தின் உச்சிக்குத் தெளிப்பது சிரமம் என்பதால், வேரில் பை கட்டி மரத்தையே மருந்தை உறிஞ்ச வைக்கும் முறை வந்தது. மச்சான் தன் செல்வாக்கில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். நானும் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏனுங்க, கையுக்கு ஒற ஏதாச்சும் மாட்டோணுமுங்களா?" என்று கேட்டார். "தெளிக்கறதுக்குத்தானுங்க அதெல்லாம். இது பைக்குள்ளயே அடங்கிப்போகுது. மல்லிப்பூக் கட்டற மாதிரி கட்டிட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றேன். கூட்டம் சிரித்தது. கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் இனித்தது.

மறுவாரம்தான் தோப்பில் மருந்து கட்டினார்கள். மேஸ்திரி நல்ல உற்சாகத்தில் இருந்தார். "ஏனுங்க சாமி, இந்த நாத்தத்துக்கு மரமே மயக்கம் போட்டு உழுந்துருமாட்ட இருக்குதுங்க" என்றார், சணலைக் கடித்த பல்லுக்கு நடுவிலேயே. "உழுந்தா உன்மேல உழுகாம பாத்துக்க" என்றேன். மற்ற ஆட்கள் சிரித்தார்கள். அப்போதுதான் அந்த நனைந்த சணலைக் கவனித்தேன். கடிக்காதே என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி கையைப் பற்றி வந்திருக்கும். கையைப் பற்றிச் சொன்னால் மேடையில் சொன்னதை நான் விழுங்கவேண்டும். மச்சான் வேறு பக்கத்தில் நின்றார். வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு மரமாக அவர் சணலைக் கடிப்பதைப் பார்த்தேன். இடையிடையே துப்பினார். அதையும் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டத் தொடங்கியது. கண் மசமசவென்று இருக்கிறது என்றார். பிறகு வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. வாந்தி எடுத்தார். வேட்டியிலேயே எல்லாம் போயிற்று. ஆட்கள் அவரைத் தூக்கி வந்து தோப்பு வீட்டு வாசலில் கிடத்தியபோது நான் குனிந்து பார்த்தேன். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. தொடைச் சதை, தோலுக்கடியில் புழுக்கள் ஊர்வது போலத் தன்பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தது. நான் எழுதிய ஆய்வின் ஒவ்வொரு வரியும் அந்த உடம்பில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வந்தது இரக்கம் இல்லை. அருவருப்பு. அந்த எச்சில் என் செருப்பில் பட்டுவிடப் போகிறதே என்று காலை இழுத்துக்கொண்டேன்.

மச்சான் கார் எடுத்தார். எடுக்குமுன் பின்சீட்டில் சாக்கை விரித்து, அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பரப்பினார். அதற்குப் பிடித்த நேரத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்து நீட்டிவிட்டேன். போகும் வழியில் மச்சான் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "மாப்ளெ, வேலையில ஆச்சுன்னா ஒருத்தனும் நாளைக்கு மருந்து கட்ட வரமாட்டான். சுத்துவட்டாரத் தோப்புக்காரன் பூரா உங்களத்தான் வந்து கேப்பான்." பின்சீட்டிலிருந்து மூச்சு சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர். நுகர்ந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அந்த வாசனையோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடித்தவர்கள்தான். "எப்பக் குடிச்சாரு? எவ்வளவு?" என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் படித்தவன், சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவன். "எவ்வளவுன்னு தெரியலைங்க டாக்டர். ஊட்ல ஏதோ சண்டை போல இருக்குதுங்க" என்றேன். ஒரே வாக்கியம். அதில் ஒரு மனிதரைத் தற்கொலைக்காரராக்கினேன். நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணை அதற்குக் காரணமாக்கினேன்.

பிறகு நடந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மருந்து போகாத வயிற்றைக் கழுவினார்கள். அவர் திமிறியபோது இரண்டு பேர் அழுத்திப் பிடித்தார்கள். முறிமருந்தான அட்ரோபின் ஊசி ஏறிக்கொண்டே இருந்தது, அதுதான் காப்பாற்றியது. ஆனால் மருந்து ஊறிய அந்தக் கைகளை யாரும் உடனே கழுவவில்லை. குடித்தவருக்குக் கழுவவேண்டியது வயிறு. கையை யார் நினைப்பார்கள்? கட்டிலின் இரண்டு பக்கமும் அந்தக் கைகள் தொங்கின. நகக்கண்ணில் மண்ணும் மருந்தும். தோல் வழியாக அது இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளான நான் கதவோரம் நின்றேன். 'கையைக் கழுவுங்கள்' என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சொல்லவில்லை. மனைவி வந்து அழுதுகொண்டே ஈரத்துணியால் துடைத்துவிட்டது பிற்பாடு.

அங்கிருந்து மச்சான் என்னை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். நான் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். பசித்தது. இதை எழுதும்போது அந்த நெய் வாசனைதான் எல்லாவற்றிலும் மோசமாக வீசுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வாரமே வகுப்பில் சினாப்ஸ் பாடம் வந்தது. "நானே நேரில் பார்த்தேன், விஷம் குடித்த ஒரு தோட்டக் கூலியை" என்று தொடங்கி, கண்மணி, எச்சில், தசைத் துடிப்பு என்று ஒவ்வொன்றாக விவரித்தேன். மாணவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அவ்வளவு நல்ல வகுப்பு நான் எடுத்ததில்லை. ஒரு பொய்யை இரண்டாம் முறை சொல்லும்போது அது எவ்வளவு சரளமாக வருகிறது என்பதை அன்று கண்டேன்.

சில வாரங்கள் கழித்து மேஸ்திரி சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்தார். பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். தோளில் ஒரு சாக்கு நிறைய இளநீர். ஆள் பாதியாகியிருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை நான், அவரும் எதிர்பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து, "இது மருந்து கட்டாத மரத்துதுங்க சாமி. நம்ம காலனிக்குப் பொறத்தால நிக்குதே, அது" என்று முதலில் அதைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதானுங்க வந்தேன். நான் குடிச்சனுங்களா?"

"என்னப்பா கேள்வி இது?"

"எல்லாருமே குடிச்சேங்கறாங்க. டாக்டர் சொல்றாரு, போலீசும் வந்து அதையே சொல்றாரு, தோப்புக்காரப் பெரிய சாமியும் சொல்றாரு. எனக்கு மத்தியானம் கண்ணு மங்குனதுக்கப்பறம் ஒண்ணுமே நெனப்பில்லீங்க. குடிச்சிருந்தா நெனப்பிருக்கோணுமில்லீங்களா? இல்ல, அந்த நெனப்பையும் சேத்து மருந்து அழிச்சுப்போடுமுங்களா? ஊட்டுக்காரி, நீ ஏன் குடிச்சே, நான் உனக்கு என்ன கொற வெச்சேன்னு ராவும் பகலும் கேக்கறா. அவளுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. நீங்க படிச்சவங்க. குடிக்காமயே ஒருத்தனுக்கு அப்பிடி ஆகுமுங்களா?"

இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆகும் என்ற ஒரு சொல் போதும். அதைவிட எளிதாக ஒரு மனிதருக்கு அவருடைய வாழ்க்கையைத் திருப்பித் தர யாருக்கும் வாய்ப்பு கிடைத்ததில்லை. நான் சொன்னது இது: "டாக்டர் சும்மா சொல்லுவாராப்பா? போனது போகட்டும். இனிமே அந்த மாதிரி பண்ணிப்போடாதே."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "சரிங்க சாமி, இனிப் பண்ணுலீங்க" என்றார். செய்யாத ஒன்றை இனிச் செய்யமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இளநீரை நான் குடிக்கவில்லை. மருந்து கட்டாத மரம் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எதிர்வீட்டில் கட்டிடம் கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறு வருஷம் தோப்பில் பொங்கல் நோம்பிக்குக் கூடியிருந்தோம். வந்த விருந்தாளிகளுக்கு இளநீர் வெட்ட மச்சானின் மகன் சத்தம் கொடுத்தான்: "மருந்து மேஸ்திரி! இங்க வா." கூட்டத்தில் யாரோ, "அதென்ன பேரு, மருந்து மேஸ்திரி?" என்று கேட்க, அவன் கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். தூரத்தில் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் அந்தப் பெயருக்குத் திரும்பி, "வாரனுங்க" என்று அரிவாளோடு ஓடிவந்தார். அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போயிருந்தது. சினாப்ஸில் கொட்டியதை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. ஊரில் கொட்டிய சொல்லை உடைக்க ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் நீட்டிய இளநீரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

மச்சானிடம் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னேன். "உங்களுக்கென்ன கிறுக்கா மாப்ளெ? அவனே மறந்துபோட்டான்" என்றார். நான் காலனிக்குப் போனேன். அதுவரை அந்த வாய்க்கால் பாலத்தை நான் தாண்டியதே இல்லை. மேஸ்திரியும் அவர் மனைவியும் நாற்காலி தேடி ஓடினார்கள். வேண்டாம் என்று கீழே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். நரம்பு, இடைவெளி, மடை, மண்வெட்டிக்காரன், அவன் கையைக் கட்டிப்போட்ட மருந்து, அது தோல் வழியாகவே ஏறும் என்பது, டாக்டரிடம் நான் சொன்ன வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள்தான் பேசினார்:

"எங்க சர்ச்சு சபையில இவர எந்திரிச்சு நிக்கவெச்சாங்க. தற்கொல பண்ணப் பாத்தது பாவம், மன்னிப்புக் கேளுன்னாங்க. இவரு நின்னுட்டு, 'குடிச்சேன்னு சொல்றாங்க, குடிச்சிருந்தா மன்னிச்சுருங்க'ன்னாரு. எனக்கு நாக்கு அடங்கோணும்னு பொம்பளைங்க பூராம் மண்டி போட்டு ஜெபம் பண்ணுனாங்க. நானும் அவங்களோட சேந்து மண்டி போட்டனுங்க, என் நாக்குக்காக. எங்ககிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? அங்க வந்து சொல்லுங்க."

போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை போட்ட அந்தச் சபையில், எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க எனக்கு மட்டும் கைவைத்த நாற்காலி போட்டார்கள். எழுந்து நின்று, மேஸ்திரி குடிக்கவில்லை, வேலையில் மருந்து தோல் வழியாக ஏறியது, வீட்டில் சண்டை என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். பிறகு போதகர் கண்கலங்கி, இவ்வளவு பெரியவர் ஓர் ஏழைக்காகத் தன்னைத் தாழ்த்திக்கொண்டாரே என்று எனக்காக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வெளியே வந்தபோது வயதான ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எந்த எசமானுங்க நம்மாளுக்கோசரம் இங்க வந்து இப்பிடிப் பொய் சொல்லுவாங்க? நெம்பப் பெரிய மனசுங்க உங்குளுக்கு" என்றார்.

நான் இல்லை இல்லை என்றேன். மறுக்க மறுக்க என் பெருமைதான் வளர்ந்தது. மேஸ்திரியின் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? இதுக்குத்தானுங்க அன்னைக்கே சொல்லியிருக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். வாய்க்கால் கரையோரமாக நடந்தோம். முன்னெல்லாம் எனக்குப் பின்னால் நடப்பவர், அன்று பக்கத்தில் நடந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க, இப்பச் சொன்னது நெசமுங்களா, அன்னைக்கு ஊட்டுப் படியில சொன்னது நெசமுங்களா? அந்தப் பெரியவரு சொல்றதப் பாத்தா எனக்கு மறுக்காவும் சந்தேகமா இருக்குதுங்க."

என் வார்த்தைக்கு இனி அவரிடம் எடை இல்லை. இரண்டு பக்கமும் நானே சாட்சி சொல்லியிருந்தேன். அவருக்கு அவருடைய உடம்பு ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. "பையைக் கட்டறப்ப சணலை எதுல புடிச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவரிடம் மரியாதை போட்டுப் பேசினேன்.

அவர் நடந்தபடியே கையை எடுத்து, இல்லாத ஒரு பையின் வாயைக் கூட்டிப் பிடித்தார். தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. பல் கடித்தது. அப்படியே நின்றுவிட்டார். "கசந்துச்சுங்க" என்றார் மெதுவாக. "ஆமாங்க. நாக்கு மரத்துப்போச்சு. துப்புனேன். மறுக்கா கடிச்சேன், மறுக்காவும் கசந்துச்சு. ஒவ்வொரு மரத்துக்கும் துப்பித் துப்பித்தான் கட்டுனேன்." வாய்க்காலில் காறித் துப்பினார். வாயை மேல்துண்டால் அழுத்தித் துடைத்தார். "அப்ப நான் குடிக்குலீங்க" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

கொஞ்ச தூரம் போனபின் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சணலக் கடிச்சது உங்குளுக்கு எப்பிடீங்க தெரியும்?"

காலனியிலும் சபையிலும் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்; இதை மட்டும் சொல்லவில்லை. விட்டுவிட்டேன் என்பதே அவர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. "பக்கத்து மரத்தடியிலதான் நின்னுட்டிருந்தேன்" என்றேன்.

"அப்ப பாத்துட்டேதான் நின்னீங்களா?"

"ஆமா."

பஸ் வந்தது. வழக்கமாகக் கைகூப்பி, "போய்ட்டு வாங்க சாமி" என்பார். அன்று கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கைகளைத்தான் நான் பஸ்ஸிலிருந்து கடைசியாகப் பார்த்தது.

பின்னால் மச்சான் என்னைத் திட்டியதிலிருந்து மீதியைத் தெரிந்துகொண்டேன். மேஸ்திரி சணலின் கசப்பை மற்ற ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். சபையில் என்னை நம்பாதவர்கள் அவரை நம்பினார்கள். அவர்களுடைய வாயும் கசந்திருந்தது, அவர்களும் துப்பியிருந்தார்கள். கையுறை இல்லாமல் இனி ஒருவரும் வேரைத் தொடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். "உங்க படிப்பு எந்தோப்பக் கெடுத்துப்போட்டது" என்றார் மச்சான். மேஸ்திரியும் மனைவியும் உடுமலைப்பேட்டைப் பக்கம் வேறு தோப்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவரை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள் என்று நம்ப விரும்புகிறேன். போய்ப் பார்க்கவில்லை. போனால் அங்கேயும் யாராவது எனக்கு நாற்காலி போடுவார்கள்.

இப்போது வயதாகி என் விரல்களில் நடுக்கம் வந்துவிட்டது. மருந்துக் கடைப் பையன் மாத்திரைகளை ஒரு சின்னப் பையில் போட்டு நூலால் முடிந்து தருகிறான். முடிச்சை அவிழ்க்க நகம் நிற்பதில்லை. சமையலறையிலிருந்து மனைவி பார்த்துவிட்டு, "பல்லுல கடிச்சு இழுங்களேன்" என்கிறாள். பையை வாயருகே கொண்டுபோகிறேன். நூல் காய்ந்த நூல்தான். உதட்டில் படுமுன்பே வாயில் எச்சில் ஊறி நிறைகிறது. பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கை துடைத்துக்கொண்டு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.